லேப் கவுண்டரில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்விகள்: ஆண் இனப்பெருக்க உறுப்புகள் பற்றி

விந்துப் பரிசோதனை செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மூடி போட்ட அந்தச் சின்ன டப்பாவை வாங்க வருகிறவர்கள் மட்டும், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏதாவது ஒன்றைக் கேட்காமல் போவதில்லை. பெரும்பாலும் அதே கேள்விகள். மனைவிமார்களும் பையனை அழைத்து வரும் அம்மாக்களும் கேட்டவையும் இதில் உண்டு.

விந்தணு உற்பத்தி, ஹார்மோன் சுரப்பு, விறைப்பு மூன்றும் தனித்தனி வேலைகள். ஒன்றில் கோளாறு வந்தால் மற்ற இரண்டும் போய்விட்டதாக நினைத்துத்தான் பாதிப் பேர் பயப்படுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. இங்கே உள்ளது பொது விளக்கம். உங்கள் உடம்புக்கான சிகிச்சையை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

விந்து எங்கதான் உருவாகுது? எலும்பு மஜ்ஜையில இருந்து வருதுன்னு ஒருத்தர் சொன்னாரே?

எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விந்தணு உருவாகும் இடம் விரை. ஒவ்வொரு விரைக்குள்ளும் நூல் போன்ற நுண்குழல்கள் நூற்றுக்கணக்கில் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் சுவரில் விந்தணுக்கள் உருவாகின்றன. குழல்களுக்கு நடுவே இருக்கும் லைடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரந்து நேராக ரத்தத்தில் விடுகின்றன. ஒரே உறுப்பு, இரண்டு வேலை. விந்தணு குழாய் வழியாக வெளியே போகிறது. ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பெல்லாம் போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

விரையை விட்டுக் கிளம்பும்போது விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. விரையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை தங்கித்தான் முதிர்கிறது. அந்தக் குழாயை நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். அங்கிருந்து விந்து நாளம் தொடை இடுக்கு வழியாக அடிவயிற்றுக்குள் ஏறி, சிறுநீர்ப்பையின் பின்னால் வளைந்து, விந்துப்பையின் குழாயோடு சேர்ந்து, புராஸ்டேட் சுரப்பிக்குள் நுழைந்து, சிறுநீர்க்குழாயில் திறக்கிறது.

வெளியே வரும் வெள்ளைத் திரவத்தில் விந்தணுக்களின் பங்கு 2 முதல் 5 சதவீதம்தான். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, விந்துப்பை சுரக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை கலந்த திரவம். மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட்டுடையது.

மூத்திரமும் அதே வழியிலதான வருது? ரெண்டும் கலந்துடாதா?

கடைசிப் பாதை ஒன்றுதான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டும் வராது. சிறுநீர்ப்பையின் வாயில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விந்து வெளிப்படும் நேரத்தில் அது இறுக மூடிக்கொள்ளும். சிறுநீர் கீழே வராது, விந்தும் மேலே போகாது.

அதற்கு முன்பே கூப்பர் சுரப்பிகள் வழவழப்பான ஒரு திரவத்தைச் சுரக்கும். பாதையில் ஒட்டியிருக்கும் சிறுநீரின் அமிலத்தன்மையை அது சமன்படுத்தும். விறைப்பின்போது நுனியில் பிசுபிசுப்பாகத் தெரிவது அதுதான். விந்து கசிகிறது என்று பயப்பட வேண்டாம்.

அப்ப கடைசி நேரத்துல வெளிய எடுத்துட்டா கர்ப்பம் ஆகாதில்ல?

ஆகலாம். அந்த வழவழப்பான திரவத்திலும் சிலருக்கு உயிருள்ள விந்தணுக்கள் இருக்கும்.

விரை மட்டும் ஏன் உடம்புக்கு வெளிய தொங்குது? எனக்கு ஒண்ணு இறங்கியும் இருக்கு.

விந்தணு உருவாக, உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பம் வேண்டும். விரைப்பை அதற்கான ஏற்பாடு. குளிரில் தசைகள் சுருங்கி விரையை உடம்போடு ஒட்டி இழுத்துக்கொள்ளும். வெயிலில் தளர்ந்து இறக்கிவிடும். விரைக்குப் போகும் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலை போல் பின்னியிருப்பதால், போகிற ரத்தத்தின் சூட்டைத் திரும்பி வருகிற ரத்தம் வாங்கிக்கொள்கிறது. காலையில் குளிக்கும்போது பை ஒரு மாதிரியும் மத்தியானம் வேறு மாதிரியும் இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஒன்று இறங்கியிருப்பது பெரும்பாலோருக்கு உண்டு, பெரும்பாலும் இடது பக்கம். இரண்டுக்கும் அளவில் சிறு வித்தியாசமும் இருக்கலாம். திடீரென்று வந்த மாற்றம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு சொட்டு விந்துக்கு அறுபது சொட்டு ரத்தம் வேணுமாமே? அடிக்கடி போனா உடம்பு வீணாயிடாதா?

இந்தக் கணக்கில் நாற்பதும் உண்டு, நூறும் உண்டு. சொல்கிறவரின் வாய்க்கு வந்தபடி. ரத்தத்திலிருந்து விந்தைக் காய்ச்சி எடுக்கும் வேலை எதுவும் உடம்பில் நடப்பதில்லை. விந்து எதனால் ஆனது என்று முதல் பதிலில் பார்த்தோம்: தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, புரதம், உப்புகள், கூடவே விந்தணு. ஒரு முறை வெளியேறுவது ஒன்றரை முதல் ஐந்து மில்லி வரை. அது போனதால் ரத்தசோகை வராது, கன்னம் ஒட்டாது, ஞாபக சக்தி போகாது. வெளியேறாத விந்தணுக்களை உடம்பே சிதைத்து உறிஞ்சிக்கொள்கிறது. தூக்கத்தில் தானாக வெளியேறுவதும் இயல்பானதுதான்.

விந்து போவதால் உடம்பு போகிறது என்ற பயமே தலைவலி, அசதி, மனச்சோர்வு என்று ஆளைப் படுத்துவதை நம் நாட்டு மனநல மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். 1960இல் என்.என். விக் என்ற மனநல மருத்துவர் அதற்கு 'தாத்' நோய்க்குறி என்று பெயரே வைத்தார். தாது என்று நாம் சொல்லும் அதே சொல்தான். பயத்துக்கு மருந்து பேச்சும் விளக்கமும். லாட்ஜில் ரூம் போட்டு, மாதக் கணக்கில் லேகியம் விற்கிறவரிடம் அது கிடைக்காது. பாலுறவுத் திறனைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. சுவரொட்டியைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தெரியாது, அது வேறு விஷயம்.

முக்கி வெளிக்குப் போகும்போது வெள்ளையா ஏதோ வருது. விந்து தானா ஒழுகுதா?

மலச்சிக்கலில் முக்கும்போது, மலக்குடலுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் புராஸ்டேட் அழுந்தும். அதன் திரவம் கொஞ்சம் வெளியே வரும். வலி இல்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை; மலச்சிக்கலைச் சரி செய்யுங்கள். சிறுநீரே சில நாள் கலங்கலாக வந்தால் பாஸ்பேட் உப்பாக இருக்கலாம். எரிச்சல், சீழ், ரத்தம், காய்ச்சல் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கைப்பழக்கத்தால நரம்பு தளர்ந்து சிறுத்துப் போச்சு. பழையபடி ஆகுமா?

சிறுத்திருக்காது. ஆண்குறி விறைப்பது நரம்பின் முறுக்கால் அல்ல, ரத்தத்தால். உள்ளே மேல்பக்கம் இரண்டு, சிறுநீர்க்குழாயைச் சுற்றி ஒன்று என மூன்று பஞ்சுத் தண்டுகள் உள்ளன. தூண்டுதல் வந்ததும் நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடை விடுகின்றன. தமனிகள் விரிந்து ரத்தம் உள்ளே நிறைகிறது. நிறைந்த தண்டுகள், வெளியேற்றும் சிரைகளை உறைச் சுவரோடு அழுத்தி அடைத்துவிடுகின்றன. உள்ளே போன ரத்தம் அங்கேயே நிற்பதால்தான் விறைப்பு நிலைக்கிறது. எலும்பும் இல்லை, கையால் தேய்ந்து போகிற பொருளும் அங்கே இல்லை.

அளவு பற்றி: 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு 15,521 ஆண்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரண நிலையில் சராசரி நீளம் 9.16 செ.மீ., விறைத்த நிலையில் 13.12 செ.மீ. தளர்ந்த நிலையின் அளவு குளிருக்கும் பயத்துக்கும் தகுந்தபடி மாறும். லேசான வளைவு பலருக்குப் பிறவியிலேயே உண்டு. நடுவயதில் புதிதாக வளைவும் வலியும் சேர்ந்து வந்தால் சிறுநீர்ப்பாதை (யூராலஜி) மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலையில தானா விறைக்குது. மனைவிகிட்ட போகும்போது மட்டும் வரல. இது என்ன நோய்?

தூக்கத்தில் கனவு வரும் கட்டங்களில், ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வருவது வழக்கம். காலையில் தெரிவது அதில் கடைசி. அது ஒழுங்காக வந்தால் ரத்தக்குழாயும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பதற்றத்தில் அட்ரினலின் சுரந்து ரத்தக்குழாய்கள் சுருங்கும். மேலே சொன்ன ரத்த வரவு தடைபடும். கல்யாணமான புதிதில், வீடு நிறைய உறவுக்காரர்களோடு, பக்கத்து அறையில் பேச்சுச் சத்தம் கேட்கும்போது வரவில்லை என்றால் அதற்குப் பெயர் நோய் இல்லை.

காலையிலும் வரவில்லை, மாதக்கணக்காக இப்படியே என்றால் கதை வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். ஆண்குறியின் தமனி, இதயத் தமனியைவிடச் சிறியது. அடைப்பு வருவதென்றால் இங்கே முதலில் காட்டும். நெஞ்சு வலிக்குச் சில ஆண்டு முன்பே விறைப்புக் குறைவு வந்தவர்கள் பலர். விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் மாத்திரையை நண்பனிடம் வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சு வலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து. இன்னொன்று: நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காத விறைப்பு என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ரிப்போர்ட்ல கவுண்ட் கம்மின்னு இருக்கு. அப்ப நான் ஆம்பளையே இல்லையா சார்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது சிலர் அழுதுவிடுவார்கள். கவுண்ட் என்பது விந்தணு எண்ணிக்கை. அது குறைந்தவருக்குக் குரல், மீசை, ஆசை, விறைப்பு எல்லாம் சரியாக இருக்கலாம், ஏனென்றால் அவற்றைப் பார்த்துக்கொள்வது ஹார்மோனும் ரத்த ஓட்டமும். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதாவது காரணம் உண்டு. மனைவிக்கு ஆறேழு டெஸ்ட் முடிந்த பிறகு கணவன் டப்பாவை வாங்க வருவதை நான் வாராவாரம் பார்க்கிறேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் தொடங்கினால் பணமும் மிச்சம், காலமும் மிச்சம்.

எண்களுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1.6 கோடி விந்தணு, அசைவு 42 சதவீதம், சரியான உருவம் 4 சதவீதம். நாலே சதவீதமா என்று பதற வேண்டாம். நல்ல ஆரோக்கியமான ஆணுக்கும் பெரும்பாலான விந்தணுக்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். இந்த எல்லைக்குக் கீழே இருந்தும் தகப்பனானவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், குறைந்தது இரண்டு முறை பார்ப்பது அதனால்தான்.

சாம்பிளே தவறாக வந்தாலும் எண்கள் குறையும். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டிருக்க வேண்டும். சோப்பு, எச்சில், சாதாரண ஆணுறை கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது டப்பாவுக்கு வெளியே விழுந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள், சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு கொண்டுவாருங்கள். பைக் டேங்க் கவரில் வைத்து வெயிலில் ஓட்டி வந்தால் பாதி செத்திருக்கும். வந்த சாம்பிள் முதலில் ஜெல்லி மாதிரி இருக்கும். அரை மணி நேரம் போல இளகக் காத்திருந்துதான் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைப்போம்.

டாக்டர் மருந்து கொடுத்து மூணு மாசம் கழிச்சு வரச் சொல்றார். ஏன் அவ்வளவு நாள்?

ஒரு விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அதன்பின் எபிடிடிமிஸில் தங்கும் நாட்களையும் கூட்டினால் மூன்று மாதம் நெருங்கிவிடும். இன்றைய ரிப்போர்ட், போன பருவத்தில் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. இரண்டு மாதம் முன்பு டெங்குக் காய்ச்சலில் கிடந்திருந்தால் அதன் பாதிப்பு இப்போது தெரியும். சிகரெட்டை நிறுத்திய பலன் தெரியவும் அதே அளவு பொறுக்க வேண்டும். பருவ வயதுக்குப் பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியிருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஜிம்மில ஊசி போட்டேன், உடம்பு நல்லா ஏறுச்சு. ஆனா கவுண்ட் சைபர்னு வருது. டெஸ்டோஸ்டிரோன் நல்லதுதான?

உடம்பே சுரப்பது நல்லது. வெளியிலிருந்து ஏற்றினால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி, போதுமான அளவு இருக்கிறதே என்று எண்ணி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை நிறுத்திவிடும். விரைக்கு வேலை சொல்பவை அவைதான். உத்தரவு வராத விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். கை பருத்து விரை சிறுத்தவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். நிறுத்தினால் பலருக்கு மீண்டும் வரும், ஆனால் மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும். என்ன ஊசி, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்.

மூணும் பொண்ணாவே பொறந்திருக்கு. அவளுக்கு ஏதாவது டெஸ்ட் பண்ணலாமா?

கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். விந்தணுக்களில் சுமார் பாதி எக்ஸ், பாதி ஒய். எக்ஸ் போய்ச் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். அதை நீங்களும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரும் தேர்ந்தெடுக்கவில்லை. டெஸ்ட் எதுவும் கிடையாது. இதற்காக யாரையாவது குறை சொல்வதாக இருந்தால் அந்த வரிசையில் அவருடைய மாமியாரின் மகன்தான் முதலில் நிற்க வேண்டும்.

பையனுக்கு ஒரு பக்கம் பை காலியா இருக்கு. வயசுக்கு வந்தா இறங்கிடும்னு பாட்டி சொல்றாங்க.

விரைகள் கருவில் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் பைக்குள் இறங்குபவை. இறங்காமல் பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதத்துக்குள் இறங்க வாய்ப்புண்டு. அதன்பின் காத்திருப்பதில் பலன் இல்லை. ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து இறக்கிவிடுவது நல்லது. சூடு பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்: வயிற்றுக்குள் தங்கும் விரை விந்தணு உருவாக்கும் திறனை இழக்கும், பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

முன்தோல் பற்றியும் அம்மாக்கள் கேட்பார்கள். சிறு குழந்தைக்கு அது ஒட்டியிருப்பது இயல்பு. குளிப்பாட்டும்போது பின்னால் இழுத்துத் தள்ளாதீர்கள், கிழிந்து தழும்பாகும்.

திடீர்னு ஒரு பக்கம் விரை வலி. காலைல பாத்துக்கலாமா?

கூடாது. விரையைத் தாங்கும் நாளம் முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம்; நேரம் ஆக ஆக விரை கருகும். பதின்வயதுப் பையன்களுக்குத்தான் அதிகம் வரும். தூக்கத்திலேயே தொடங்கலாம், வாந்தி வரும், ஒரு விரை மேலே ஏறி நிற்கும். வெட்கத்தில் "வயித்து வலி" என்று மட்டும் சொல்வார்கள். நடு ராத்திரியானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

வலி இல்ல, ஆனா வீங்கியிருக்கு. ஓதம்தானே, விட்டுடலாமா?

ஓதம் என்று ஊரில் சொல்வது பல நோய்களைச் சேர்த்துத்தான். விரையைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்கடியாலும் இது வரும். இருமினால் பெரிதாகி, படுத்தால் மறைந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் இடப்பக்கம், புழுக்கூட்டம் போல் கைக்குத் தட்டுப்பட்டால் சிரை வீக்கம். அது சூட்டைக் கூட்டிக் கவுண்டைக் குறைக்கலாம். விரையிலேயே வலியில்லாத கெட்டிக் கட்டி என்றால், அதுவும் 15 முதல் 35 வயதுக்குள், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். விரைப் புற்றுநோய் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும். எந்த வீக்கத்தையும் ஒரு ஸ்கேன் பிரித்துச் சொல்லிவிடும்.

ஆம்பளைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணா வேலைக்கு ஆகாமப் போயிடுவானா?

வெட்டிக் கட்டுவது விந்து நாளத்தை மட்டும். ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, அதை யாரும் தொடுவதில்லை. விறைப்புக்கான ரத்தக்குழாயும் வேறு இடம். வெளிவரும் திரவத்தில் விந்தணுவின் பங்கு மிகச் சிறியது என்பதால் அளவில்கூட வித்தியாசம் தெரியாது. 1974இல் சீனாவில் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கிய கத்தியில்லா முறையில், பையில் ஒரு சிறு துளை போதும். உணர்விழக்கும் ஊசி போட்டுச் செய்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்புவார்கள். பெண்களுக்குச் செய்வதைவிட எளிது. அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பெண் கருத்தடை அறுவை சிகிச்சை 37.9 சதவீதம், ஆணுடையது 0.3 சதவீதம்.

ஒரே எச்சரிக்கை: நாளத்தில் ஏற்கனவே இருக்கும் விந்தணுக்கள் தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை. பிறகு எங்களைப் போன்ற ஒரு லேபில் சாம்பிள் கொடுத்து, ஒன்றுகூட இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சுகர் இருக்கு. உச்சம் வருது, ஆனா வெளிய ஒண்ணுமே வரல. எல்லாம் வத்திப் போச்சா?

வற்றவில்லை, வழி மாறிப் போகிறது. சிறுநீர்ப்பையின் வாயில் உள்ள வளையத் தசையை இரண்டாவது பதிலில் பார்த்தோம். நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு பாதித்தாலோ, புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளாலோ அது சரியாக மூடாமல் போகலாம். அப்போது விந்து வெளியே வருவதற்குப் பதில் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போது கலங்கலாக வெளியேறும்.

குழந்தை வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. உச்சத்துக்குப் பிறகு வரும் முதல் சிறுநீரைப் பிடித்து, சுழற்றிப் படிய வைத்து, அடியில் நிற்பதை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். விந்தணு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். சிறுநீரின் அமிலம் விந்தணுவைக் கொல்லும் என்பதால், சிகிச்சைக்கு எடுப்பதாக இருந்தால் டாக்டர் முன்கூட்டியே சோடியம் பைகார்பனேட் கொடுப்பார். அப்படிப் பிரித்தெடுத்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தியோ, கருமுட்டையோடு வெளியே சேர்த்தோ கருத்தரிக்க வைக்க முடியும்.